படத்துக்குக் கீழே ஒரு வரி

ஆசிரியருக்கு,

தத்துக்குக் காத்திருக்கும் நாய்க்குட்டிகளின் படங்களைப் போடுகிறீர்கள். வயது, நிறம் எல்லாம் இருக்கிறது. உடல்நிலை மட்டும் இல்லை.

இரண்டு வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் ஒரு மீட்புக் குட்டியை வாங்கி வந்தேன். தின்றதெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. குமட்டல் கிடையாது, தலையைக் குனிந்தாலே கொட்டிவிடும். எக்ஸ்ரேயில் உணவுக்குழாய் பை போல விரிந்திருந்தது. மெகாஈசோஃபேகஸ் என்றார் மருத்துவர். குழாய் உணவைத் தள்ளாது, புவியீர்ப்புதான் இறக்க வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, அப்புறம் 20 நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். இதற்கென்றே பெய்லி நாற்காலி உண்டு. நான் அட்டைப்பெட்டியில் தலையணை செருகிச் சமாளித்தேன். முன்னங்கால்களை விளிம்பில் போட்டுக்கொண்டு, மேடைப் பேச்சாளர் மாதிரி நிற்கும். உணவு நுரையீரலுக்குள் போய் ஒருமுறை நிமோனியாவே வந்துவிட்டது. அன்றிரவு யாரும் தூங்கவில்லை.

திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, தத்தெடுத்துவிட்டேன். சரி, என் கதை இருக்கட்டும். எனக்கு முன்பே இரண்டு வீடுகள் அதை எடுத்து, சமாளிக்க முடியாமல் திருப்பியிருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் விவரம் சொல்லவில்லையே. என்ன நோய், தினமும் எவ்வளவு வேலை என்று படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்க முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி