களிமண்ணில் மணல் கொட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிழலில் நின்று வளரும் பல்லாண்டுச் செடிகள் பற்றித் தங்கள் தோட்டப் பகுதியில் வந்த குறிப்பில், 'களிமண்ணாக இருந்தால் இரண்டு சட்டி மணல் கலக்கவும்' என்றிருந்தது. வாசகர்கள் மணலுக்குச் சொல்லி அனுப்பும் முன் இந்தத் திருத்தம் வந்தால் நல்லது.

பத்துக்குப் பத்து அடிப் பாத்தியில் ஓரடி ஆழத்துக்கு 100 கன அடி மண் இருக்கிறது. லாரிக்காரர் கணக்கில் ஒரு யூனிட். களியின் குணம் மாற வேண்டுமென்றால் அதில் பாதிக்குக் குறையாமல் மணல் சேர வேண்டும். இரண்டு சட்டி எந்த மூலைக்கு? மணலின் இடுக்குகளில் களி புகுந்து அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் கடப்பாரைக்கும் அசையாது. எம்-சாண்டில் கல்தூள் வேறு.

முதலில் ஓரடிக் குழி தோண்டி நீர் நிரப்பி, வடிந்தபின் மறுபடி நிரப்புங்கள். மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் வடிகால் இல்லை. அடுத்து, காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீரில் போட்டு ஆட்டாமல் வையுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் அது களர்த்தன்மை, அதாவது மண்ணில் சோடிய உப்பு மிகுதி. அங்கேதான் ஜிப்சத்துக்கு (கால்சியம் சல்பேட் பொடி) வேலை: 100 சதுர அடிக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ தூவிக் கொத்திவிட்டு, உப்பு கீழே இறங்கும்படி நன்றாக நீர் விட வேண்டும். கலங்காத மண்ணுக்கு ஜிப்சம் தண்டம்.

எல்லா மண்ணும் கேட்பது மக்கிய எருதான். இரண்டு அங்குலக் கனத்துக்கு அதே பாத்திக்கு 17 கன அடி தேவை. சிமென்ட் சாக்கில் 14 மூட்டை வரும். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதானால் உப்புப் போகக் கழுவியதோ மக்கவைத்ததோ ஆக இருக்கட்டும்.

சுவர் நிழலும் மர நிழலும் ஒன்றல்ல. சுவரோரத்தில் எட்டு, பத்து அங்குலம் மேட்டுப்பாத்தி போடலாம். மரத்தடியில் அது கூடாது. உணவு உறிஞ்சும் சல்லிவேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, மூடினால் மூச்சடைக்கும். அடிமரத்திலிருந்து இரண்டடி விட்டு, பெரிய வேர்களுக்கு நடுவே பந்தளவு குழிகள் எடுத்து, சிறு கன்றுகளாக நடுவதே சரி. பெரிய தொட்டிச் செடியை இறக்க வேரை வெட்ட வேண்டிவரும். நட்ட முதல் வருடம் நீர் தவறக்கூடாது, மரம் முந்திக்கொண்டு குடித்துவிடும்.

காய்ந்த மரத்தடிக்கு மருள் (ஸ்நேக் பிளான்ட்), ஸீஸீ (ZZ) செடி, ரியோ ஆகியவை ஏற்றவை. நீர் தேங்கும் களிக்கு ஸ்பைடர் லில்லி, சேம்பு, வசம்பு. மருளை இந்த இரண்டாவது இடத்தில் வைத்தால் ஐப்பசி மழையில் அடி அழுகிச் சாயும். எரு ஏறிய, வடியும் மண்ணில் பேரரத்தையும் திப்பிலியும் நன்றாகப் படரும். அடர்ந்த மாமர இருட்டில் அக்லோனிமா என்னும் அழகிலைச் செடியைத் தவிர அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வேம்பின் சல்லடை நிழல் எவ்வளவோ மேல். நடவை ஆடி, ஆவணியில் முடித்தால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.

புதுவீட்டுச் சுவரோரத்தில் இன்னொரு தொல்லை. பூச்சு வேலையில் விழுந்த சிமென்ட், சுண்ணாம்பால் மண் காரமேறி, குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. அடியிலை முழுதாக மஞ்சளானால் காரணம் வேறு, பெரும்பாலும் தழைச்சத்துக் குறை அல்லது நீர்த்தேக்கம். இரும்புக் குறைக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பை மண்ணில் போட்டால் காரமண் அதைப் பூட்டிவிடும். லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இலையின் இருபுறமும், பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும். டைல்ஸில் பட்டால் துருக்கறை விழும், உடனே கழுவிவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில், பெரணிக்கு மட்டுமாவது ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றலாம்.

சேம்பு, அக்லோனிமா இரண்டின் சாறும் வாயில் பட்டால் கடுமையாக அரிக்கும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் அவற்றைக் கைக்கு எட்டாத ஓரத்தில் நடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை – 42