ஒரு டியூப் நீலம்

அன்புள்ள டிராயிங் மாஸ்டருக்கு,

உன் கடிதம் வந்ததும் பையன் அதைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பிவிட்டான். டோக்கியோவில் மகள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் கடைசியில், "எழுபது ஆச்சு, கையும் நடுங்குது, இனிமே என்னத்தை வரையுறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் நான் போன இடமெல்லாம் கூடவே வந்தது.

முதல் வாரம் நிக்கோவுக்குப் போனோம். நானூறு வருஷத்துக்கு முன் ஜப்பானை ஆண்ட தொகுகாவா இயேயாசுவின் சமாதி அங்கே இருக்கிறது. கல்படி 207. பாதியிலேயே என் முட்டி வேலைநிறுத்தம் செய்தது. சின்னப் பையனாக இருக்கும்போதே எதிரிகளிடம் பிணைக்கைதியாகப் போனவர் இந்த மனிதர். அப்போது ஓங்கியிருந்த தளபதி நொபுநாகாவுக்குக் கூட்டாளியாக இருந்தார், பிறகு அவருக்குப்பின் அதிகாரத்தைப் பிடித்த ஹிதேயோஷிக்கு அடங்கி நடந்தார். 1590இல் ஹிதேயோஷி அவரைச் சொந்த மண்ணைவிட்டுக் கிழக்கே அனுப்பியபோதும் முனகாமல் போனார். அப்படிப் போய் உட்கார்ந்த இடம்தான் இன்றைய டோக்கியோ. 1600இல் செகிகஹாராவில் ஒரே நாள் சண்டையில் எல்லாம் கைக்கு வந்தது. 1603இல் ஷோகன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆனபோது வயது 60.

குயில் கூவாவிட்டால் நொபுநாகா கொன்றுவிடுவார், ஹிதேயோஷி எப்படியாவது கூவ வைப்பார், இயேயாசு கூவும்வரை காத்திருப்பார் என்று பிற்காலத்தில் யாரோ கட்டிய பாட்டு ஒன்று அங்கே எல்லாருக்கும் தெரியும். உனக்கு இவரைத்தான் உதாரணம் காட்டலாம் என்று நினைத்தேன். ஆனால் 1615இல் ஒசாகா கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஹிதேயோஷியின் மகனைச் சாகவைத்து, எட்டு வயதுப் பேரனையும் வெட்டிய கணக்கு இவர் பேரில்தான் இருக்கிறது. அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிடுவோம்.

உனக்கேற்ற ஆள் ஹொகுசாய். உன் வகுப்பறைச் சுவரில் ஒரு பழைய காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தாயே, பெரிய அலை, அடியில் படகுகள், தூரத்தில் குட்டியாய் ஃபூஜி மலை, அதை வரைந்தவர். ரியோகோகு பக்கம் அவருக்கென்று ஒரு மியூசியம் இருக்கிறது. அலைப் படத்தை அதன் அச்சு அளவிலேயே நகலாகப் பார்த்தேன். தினசரிப் பேப்பரின் அரைப்பக்கம் அளவுதான்! நாம் சுவரளவு என்றல்லவா நினைத்திருந்தோம்.

அங்கே ஒரு மூலையில் அவர் வாழ்ந்த அறையை அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். சீடர் ஒருவர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்தது. எண்பது தாண்டிய கிழவர் முதுகில் மெத்தைப் போர்வையைப் போட்டுக்கொண்டு, தரையில் விரித்த தாளின்மேல் குப்புறக் குனிந்திருக்கிறார். சுற்றிலும் குப்பை. பக்கத்தில் மகள் ஓயி. அவளும் ஓவியர்தான், அழகிகளை வரைவதில் அவளுக்கு நான் ஈடில்லை என்று கிழவரே சொன்னாராம். பொம்மைதானே என்று நகரப் போனேன். தூரிகை பிடித்த கை மெல்ல அசைந்தது. நின்றுவிட்டேன். வீட்டைப் பெருக்குவதற்குப் பதில் வீட்டையே மாற்றிவிடுவாராம், மொத்தம் 93 முறை. இதைத் தங்கச்சியிடம் படித்துக் காட்டாதே.

1834இல் வந்த ஃபூஜி மலைப் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார்: ஆறு வயதிலிருந்தே வரைகிற பித்து, ஆனால் எழுபதுக்கு முன் வரைந்ததில் கணக்கில் சேர்க்கத் தகுந்தது ஒன்றும் இல்லை, 73இல்தான் பறவை, பூச்சி, மீனின் அமைப்பு கொஞ்சம் பிடிபட்டது, 110இல் நான் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் உயிரோடு இருக்கும். கையெழுத்து, 'ஓவியப் பித்துப் பிடித்த கிழவன்'. அந்த அலையே எழுபதை ஒட்டித்தான் வந்தது. 1839இல் தீ விபத்தில் சேர்த்து வைத்த படங்களெல்லாம் போயின, மறுபடி வரைந்தார். 1849இல் சாகும்போதும், இன்னும் ஐந்து வருஷம் கிடைத்தால் உண்மையான ஓவியனாகிவிடுவேன் என்றாராம்.

அப்புறம், புள்ளி என்றதும் ஓவியர் குசாமா யாயோய் நினைவுக்கு வருகிறார். 1929இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கண்ணெதிரே புள்ளிகளும் பூக்களும் பெருகுவதுபோல் தெரியுமாம், அதையே வரையத் தொடங்கினார். 1977 முதல் தாமாகவே ஒரு மனநல மருத்துவமனையில் தங்கி, பக்கத்தில் ஸ்டூடியோ வைத்துக்கொண்டு வரைந்தார். அவர் மியூசியத்துக்கு டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டுமாம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. நவோஷிமா தீவின் படகுத்துறை முனையில் நின்ற அவருடைய மஞ்சள் பூசணிச் சிற்பம் 2021 புயலில் கடலில் விழுந்து உடைந்தது. மறு வருஷமே புதிதாகச் செய்து அதே இடத்தில் வைத்துவிட்டார்கள்.

சரி, ஒரு பெயிண்ட் கடையில் பிரஷ்யன் புளூ ஒரு டியூப் வாங்கியிருக்கிறேன். அந்த அலைக்கு நிறம் தந்த நீலம் இதுதான், அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு. கூடவே பத்துத் தாள், கசங்காமல் சுருட்டி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஊர் வந்ததும் நேரே உன் வீட்டுக்குத்தான். மாடி அறைச் சாவியைத் தேடி வை. போன தடவை மாதிரி பூட்டை உடைக்க என்னால் ஆகாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்