தகிட தகிட தக தக தக

திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் புதனன்று வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

"அறுபத்தைந்துக்கு மேல் புதுசா என்னடா கோர்வை வரப்போகுது?" என்று எழுதியிருந்தாய். மிருதங்கத்தில் கணக்குப் போட்டு நீ கட்டும் முத்தாய்ப்புச் சொற்கட்டைத்தான் சொல்கிறாய். அந்த வரி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. இந்த வாரம் முழுக்க நான் கேட்டது பாக்கோ தெ லூசியாவைத்தான். ஸ்பெயினின் தென்கோடியில், அல்ஹெசிராஸ் துறைமுக ஊரில் 1947இல் பிறந்த ஃபிளமென்கோ கிதார் கலைஞர். ஃபிளமென்கோ என்பது பாட்டும் ஆட்டமும் கிதாரும் சேர்ந்த தென் ஸ்பெயின் மரபிசை. அம்மா பெயர் லூசியா. 'லூசியா வீட்டுப் பாக்கோ' என்று தெருவில் கூப்பிட்டதே மேடைப் பெயராக நின்றுவிட்டது. அப்பாதான் முதல் குரு. வீட்டில் வசதியில்லாததால் படிப்பு சீக்கிரமே நின்றது. அதன்பின் நாள் முழுக்க கிதார்தான்.

உனக்குப் பிடித்த கணக்குக்கு வருகிறேன். ஃபிளமென்கோவில் புலேரியா என்று ஒரு துரித வகை. அதன் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு அட்சரம், அதாவது பன்னிரண்டு தட்டு. எண்ணிக்கையைப் பன்னிரண்டில் தொடங்கி, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று போகிறார்கள். அழுத்தம் பன்னிரண்டு, மூன்று, ஆறு, எட்டு, பத்தில் விழுகிறது. கையில் போட்டுப் பார், தகிட தகிட தக தக தக! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டதடா. இந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டேதான் அவர் அத்தனையும் செய்தார்.

இளம் வயதில் பிறர் வாசித்ததை அப்படியே வாசித்தவர்தான். நியூயார்க்கில் மூத்த கலைஞர் சபிகாஸ், உன் சொந்த இசையை வாசி என்று சொன்னது மனசில் தைத்தது. எழுபதுகளின் கடைசியில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் ஒரு விருந்தில் அந்நாட்டுக் கலைஞர் கைட்ரோ சோட்டோ, கஹோன் என்ற மரப்பெட்டியை வாசிக்கக் கேட்டார். ஆடுபவரின் கால்தட்டு மாதிரியே வறண்ட, கணீரென்ற சத்தம். ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார். இன்று அந்தப் பெட்டி இல்லாத ஃபிளமென்கோ குழு அபூர்வம். கேட்கும் காது இருந்தால் விருந்து வீட்டில்கூட வாத்தியம் கிடைக்கிறது, பார்.

1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பாக்கோவோடு வாசித்தவர்களில் ஒருவர் கிதார் கலைஞர் ஜான் மக்லாஃப்லின். நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி' இசைக்குழுவில் வாசித்த அதே மக்லாஃப்லின்தான்.

1991இல் பாக்கோ, ஸ்பானிய இசையமைப்பாளர் ரொத்ரிகோ கிதாருக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய அரான்ஹுவெஸ் கான்செர்ட்டோவை வாசித்தார். சுரக்குறிப்பு படித்து வளர்ந்தவரில்லை. நாற்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து அதைப் பாடம் பண்ணினார். பார்வையற்ற ரொத்ரிகோ அரங்கில் அமர்ந்து கேட்டார். என்னை அதிகம் தொட்டது இதுதான். அவ்வளவு புகழுக்குப் பிறகும் மாணவனாக உட்கார ஒரு மனசு வேண்டும்.

1998இல் அம்மாவின் பெயரிலேயே ஓர் ஆல்பம். அடுத்தது வர ஆறு வருஷம் ஆனது. கை ஓயவில்லை, திருப்திதான் வரவில்லை என்று நினைக்கிறேன். உனக்கும் அப்படித்தான் இருக்கும். கடைசியாகச் சிறு வயதில் கேட்டு வளர்ந்த ஆந்தலூசிய, அதாவது தென் ஸ்பெயின் பாட்டுகளை எடுத்துக் கிதாரில் புதிதாகச் செய்தார். 2014 பிப்ரவரியில் மெக்சிகோவில் மாரடைப்பு. வயது அறுபத்தாறு. அந்த ஆல்பம் அவர் போனபிறகுதான் வெளிவந்தது.

ஆடி கழிந்ததும் வருகிறேன். மிருதங்கத்துக்குத் தோல் மூட்டக் கொடுத்து வை. அந்தப் பன்னிரண்டில் நீ ஒரு கோர்வை வைக்க வேண்டும். தாளம் நான் போடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தாளக்காரன்