கலாவுக்கு, புது பைண்டிங் பற்றி

வான்கூவர்
பிப்ரவரி

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. அப்பா மறுபடியும் காலையில் நடக்கப் போகிறார் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். அனு யுனிவர்சிட்டிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். வீட்டில் எந்நேரமும் அதே பேச்சு.

சரி, ஸ்னோபோர்டு பலகையில் பூட்ஸைப் பிடித்து நிறுத்தும் பைண்டிங் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பார்த்த வெள்ளை ஜோடி மனசை விட்டுப் போகவில்லை, அழகுக்காக வாங்குவது தப்பா என்று கேட்டிருந்தாய். தப்பே இல்லை. ஆனால் புதுசில் எல்லாமே அழகுதான். அடிபட்ட பிறகும் பார்க்க நன்றாக இருக்குமா என்று யோசித்து வாங்கு. இந்த சீசன் முழுக்க இங்கே வான்கூவர் பக்கத்து சைப்ரஸ் மலையில் என் புது ஜோடியை அந்தக் கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னுடையது கரும்பச்சை. அடித்தட்டு கண்ணாடி இழை கலந்த நைலான், குதிகாலைச் சுற்றும் வளையம் அலுமினியம். கடையில் இரண்டும் ஒரே பச்சையாகத் தெரிந்தன. மலை உச்சிக்கு ஏற்றிப் போகும் நாற்காலி லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும்போது பின்னால் வருபவர்களின் பலகை வந்து இடிக்குமே, அதன் எஃகு விளிம்பு இரண்டையும்தான் கீறியிருக்கிறது. நைலானில் நிறம் பொருளோடு கலந்தே வார்த்தது. கோடு விழுந்தாலும் உள்ளேயும் பச்சைதான். வளையத்தில் இருப்பது வெறும் மேல்பூச்சு. அது உரிந்து அங்கங்கே வெள்ளி தெரிகிறது. ஹைபேக்கின், அதாவது காலுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தகட்டின், முதுகில் அச்சிட்டிருந்த படமும் பாதி போய்விட்டது. பலகை சறுக்கி ஓடாமலிருக்க ஹைபேக்கை மடக்கிக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறோம் இல்லையா? கார் நிறுத்துமிடத்துச் சரளைக்கல் முழுக்க அதன் முதுகில்தான் உரசுகிறது. அங்கே படம் போடுவது வீண்.

உழைப்பு விஷயத்தில் நான் கவனித்தது ஒன்று உண்டு. இரண்டு கால் பைண்டிங்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. லிஃப்டில் முன்கால் மட்டும்தான் மாட்டியிருக்கும். பலகையின் நாலைந்து கிலோ எடை அந்தக் கணுக்கால் பட்டையில்தான் தொங்கும். அதனால் முன்காலில் பட்டையின் தையல் இழுபடுகிறது. பின்காலை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுகிறோம், அங்கே பக்கிளுக்குள் நுழைத்து இறுக்கும் பல் பட்டை தேய்கிறது. என் பின்காலில் பக்கிள் எப்போதும் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் பற்களின் முனை மழுங்கியிருக்கிறது, விரலால் தடவினாலே தெரியும்.

இது என்னைவிட உனக்குத்தான் முக்கியம். எங்கள் பக்கத்து விஸ்லரில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். உங்கள் ஒன்டாரியோ புளூ மவுன்டனில் சுமார் 220 மீட்டர்தான். சீக்கிரமே கீழே வந்துவிடுவாய், ஒரே நாளில் நீ எத்தனை தடவை லிஃப்டில் ஏறுவாய், எத்தனை தடவை பின்காலை மாட்டுவாய் என்று நினைத்துப் பார். அதனால் பல் பட்டையும் பக்கிளும் தனியாகக் கிடைக்கிற மாடலாக வாங்கு. வாங்கும் முன் கடையில் இதைக் கேட்டுவிடு. பர்ட்டன் கம்பெனி 2017-இல் கொண்டுவந்த ஸ்டெப் ஆன் போன்றவற்றில் இந்தத் தேய்மானத் தொல்லை இல்லை, மிதித்தால் பூட்ஸ் பூட்டிக்கொள்ளும். ஆனால் பூட்ஸும் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். உன் பூட்ஸ் இன்னும் நன்றாக இருக்கும்போது அந்தச் செலவு வேண்டாம்.

இங்கே எனக்கு வேறு சோதனை. 2010 ஒலிம்பிக்கின்போது சைப்ரஸில் பனி போதாமல் வெளியிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அப்படிப்பட்ட ஈரமான மலை. பக்கிளுக்குள் போன பனி உருகி, மேலே ஏறுவதற்குள் உறைந்துவிடுகிறது. என்னுடையதில் நெம்புகோல் நீளம், கையுறையோடு ஓங்கித் தட்டினால் ஐஸ் உதிர்ந்து விடுபடுகிறது. அந்த ஒன்றுக்காகவே இந்த ஜோடி எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் வெள்ளை ஜோடியை வாங்கு. அடித்தட்டு வெள்ளையாக இருப்பதில் கவலையே இல்லை, கீறல் அவ்வளவாகத் தெரியாது. பட்டையும் வெள்ளையாக இருந்தால் மட்டும் யோசி. பூட்ஸின் கறுப்பு ரப்பர் உரசி அழுக்கேறும். மாட்டியதும் முதல் நாள் இரண்டு மூன்று ரன்னுக்குப் பிறகு திருகுகளை மறுபடி இறுக்கு, புதுசு கட்டாயம் கொஞ்சம் தளரும். மூன்றாம் நம்பர் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், சின்னதைப் போட்டால் தலை வழுக்கிவிடும். திருகு பிடிக்க ஊற்றும் பசையைத் தொடாதே, சில பிளாஸ்டிக் அதனால் விரிசல் விடும்.

பழைய ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடாதே. அனுவுக்கு அளவு சரியாக வரும் என்று நினைக்கிறேன், நீ ஏப்ரலில் வரும்போது எடுத்து வா. அப்புறம், பலகையில் பைண்டிங்கை எத்தனை டிகிரி கோணத்தில் திருப்பி வைத்தாய் என்று எழுது. நான் முன்கால் 15, பின்கால் மைனஸ் 9-இல் வைத்திருக்கிறேன், முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

அன்புடன்,
மீனா