விமானக் கதவருகே

ஆசிரியருக்கு வணக்கம்.

பாராசூட்டில் குதிப்பதை உயிரோடு விளையாடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்ரா பாராசூட் பயிற்சிப் பள்ளியில் முதலில் குதிக்கக் கற்று, அப்புறம் கற்றுக்கொடுத்து, அதிலேயே முடி நரைத்தவன் நான். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

சுமார் 1,250 அடி உயரத்தில் ஏஎன்-32 விமானத்தின் கதவு திறந்ததும் காற்று முகத்தில் அறையும். பச்சை விளக்கு எரிவதற்கு முன் பையன்களின் முழங்காலைத்தான் பார்ப்பேன். முகத்தில் பயத்தை மறைத்துவிடலாம், முழங்காலில் முடியாது. நடுங்கினால் தோளில் கை வைப்பேன், அவ்வளவுதான். அடிப்படைப் பயிற்சியில் பாராசூட்டைத் திறக்கும் வேலையே அவர்களுக்குக் கிடையாது. விமானத்தில் கொக்கி மாட்டிய நாடா அதை இழுத்துத் திறந்துவிடும். கற்க வேண்டியது தரையிறங்கத்தான்: கால்களை ஒட்டி வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, பக்கவாட்டில் உருள வேண்டும். இதை மண்ணில் சலிக்கச் சலிக்கப் பழக்கிய பிறகே விமானம் ஏற்றுவோம். இரவுக் குதிப்பு உட்பட ஐந்து முறை குதித்தால் சிறகுச் சின்னம் கிடைக்கும்.

ஒரு மனக்குறை. பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர் நம் தமிழர், ராணுவ மருத்துவர் ஏ. ஜி. ரங்கராஜ். ஆண்டு 1941. பின்னாளில் கொரியப் போரில் நம் பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி மகாவீர் சக்ரா பெற்றவர். நான் பேசப் போன பள்ளிகளில் ஒரு மாணவருக்குக்கூட அவர் பெயர் தெரியவில்லை. அவரைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாராசூட் பயிற்றுநர், வேலூர்