பத்து எண்ணச் சொன்ன சிஸ்டருக்கு

நேற்று ராத்திரி எங்கள் பிள்ளை, தம்பி, விடியும்வரை தூங்கினான். நாங்களும்தான். போன மூன்று வாரம் எப்படிப் போனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுதத் தெம்பில்லை.

இந்த மடல் முதலில் குழந்தைகள் வார்டு சிஸ்டருக்கு. அவனுக்கு 18 வயது முடிந்துவிட்டது, இனிமேல் பெரியவர்கள் ஓ.பி.தான் என்று ஃபைலைக் கையில் கொடுத்த அன்று, நீங்கள் படிக்கட்டு வரை ஓடி வந்து ஒரு நாற்பது பக்க நோட்டைத் திணித்தீர்கள். மருந்துப் பட்டியலாக இருக்கும் என்று பையில் போட்டு மறந்துவிட்டேன். போன வாரம் புது டாக்டர்தான் அதைப் பிரித்தார். வலிப்பு மாத்திரை அளவெல்லாம் ஃபைலிலேயே இருந்தது. நோட்டில் இருந்தது வேறு.

'பி.பி. பட்டையை முதலில் அவன் கையில் கொடுங்கள். டியூப்லைட் மினுக்கினால் உட்கார மாட்டான். கேள்வியை அம்மாவிடம் கேட்காதீர்கள், அவனிடம் கேளுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். சொல்வான்.'

டாக்டர் கேட்டார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். எட்டோ ஒன்பதோ எண்ணியிருப்பார்.

"பல்லு" என்றான்.

கடைவாய்ப் பல். மூன்று வாரமாக அவன் அடித்ததும் கத்தியதும் அதற்குத்தான். வயசுக் கோளாறு என்றவர்கள் பேச்சை நம்பி, நான் தூக்க மருந்து கேட்கத்தான் அங்கே போயிருந்தேன். இத்தனை வருஷமும் அவனுக்குப் பதிலாக நானே பேசிப் பழகிவிட்டேன், சிஸ்டர். இரண்டு எண்ணுவதற்குள். இனி எண்ணுகிறேன்.

அப்புறம், தம்பி மாதிரிப் பிள்ளைகளுக்கு 18 ஆகிவிட்டால் பெற்றவர்கள்கூடச் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, விண்ணப்பத்தையும் நிரப்பித் தந்த சிறப்புப் பள்ளி டீச்சர், அவன் பேரில் உள்ள மைனர் கணக்கை இப்போதே போய்ப் பாருங்கள் என்று விரட்டிய பெற்றோர் குழு அக்கா, வெயிலில் எங்களுக்காக வரிசையில் நின்ற எதிர்வீட்டு அண்ணன், எல்லாருக்கும் நன்றி. பெற்று வளர்த்ததற்கு ஒரு சான்றிதழா என்று அன்று எனக்குக் கோபம் வந்தது நிஜம். அந்தக் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதும் பாதி அடங்கியது.

தம்பிக்குப் பழைய வார்டு மீன் தொட்டியைப் பார்க்க வேண்டுமாம். ஆறு எண்ணுவதற்குள் சொல்லிவிட்டான். ஒரு நாள் வருகிறோம், சிஸ்டர். டோக்கன் எடுக்க மாட்டோம்.