ஜீப் திரும்பும் நேரத்தில் லேப் திறந்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலக் காய்ச்சல் பற்றிய கட்டுரையில் ‘உடனே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கே என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

என் தங்கை கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். சர்க்கரை உண்டு. விடியுமுன் கிளம்பும் ஜீப்பில் பதினைந்து பேர். மழைக்குத் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டால் ஒருத்தி இருமினால் அத்தனை பேருக்கும் பங்கு. போன ஆவணியில் ஒரு ஞாயிறு இரவு அவளுக்குக் காய்ச்சல். கூலி போகுமே என்று திங்களும் போனாள். செவ்வாய், தோட்டத்து டிஸ்பென்சரியில் பாராசிட்டமால். புதன், இங்கே கம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை ‘இன்ஃப்ளூயன்ஸா ஏ’, அதாவது ஃப்ளூ வைரஸ் என்று போன் வந்தபோது அவள் ஆக்சிஜனில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

ஃப்ளூவுக்கான ஒசல்டாமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். சர்க்கரை போன்ற நோய் உள்ளவர்களுக்குச் சோதனைக்குக் காத்திராமலே தொடங்கலாம் என்று அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. காகிதத்தில் சரி. ஆனால் இந்த மலையில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் அதே மழையில்தான் வருகின்றன. முதல் நாள் எல்லாமே காய்ச்சலும் உடம்புவலியும்தான். டாக்டர் அசித்ரோமைசின் (பாக்டீரியாவுக்கான மருந்து; ஃப்ளூவுக்குக் கேட்காது) எழுதிவிட்டு, ‘மூணு நாள் பார்ப்போம்’ என்கிறார்.

கோவிட் காலத்தில் பார்த்த கோடு விழும் கிட் ஃப்ளூவுக்கும் உண்டு. நோய் உள்ள பத்துப் பேரில் மூன்று முதல் ஐந்து பேரை அது கோட்டை விட்டுவிடும். வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சிறு கருவிகள் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கின்றன. அப்படிப் பெருக்கும் வழக்கமான முறையான பிசிஆர் மாற்றி மாற்றிச் சூடேற்றி ஆறவைக்கும்; ‘ஐடி நவ்’ என்ற சிறு கருவி ஒரே சூட்டில் பெருக்குவதால் 13 நிமிடத்தில் முடிவு சொல்லும். அமெரிக்காவில் இதன் முந்தைய வடிவத்தைச் சாதாரண கிளினிக்கிலேயே வைத்துக்கொள்ள 2015-ல் அனுமதித்துவிட்டார்கள்.

நமக்குப் புதுக் கருவிகூட வேண்டாம். காசநோய்ப் பிரிவில் ‘சிபிநாட்’ என்று நாங்கள் சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனைக் கருவிக்கு ஃப்ளூ கார்ட்ரிட்ஜ் (சளி மாதிரியை விட்டுக் கருவிக்குள் செருகும் சிறு பெட்டி) உண்டு. அரை மணி நேர வேலை. 2020-ல் கொரோனாவை இதில் பார்க்கவில்லையா? (அப்போது காசநோய்ச் சோதனை பின்னுக்குப் போனது. அந்தத் தப்பு மறுபடி வேண்டாம். காலை அவர்களுக்கு, மாலை இதற்கு.) கார்ட்ரிட்ஜ் விலை அதிகம்தான். எல்லோருக்கும் கேட்கவில்லை. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள். அதுவும் மழை மாதங்களிலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலும் போதும்.

தேனி, இடுக்கி சுகாதாரத் துறைகள் பேசி, கம்பத்திலோ குமுளியிலோ ஓரிடத்தில் தொடங்கட்டும். ஜீப்புகள் ஊர் திரும்ப மாலை ஐந்தரை ஆகிவிடும். ஏழு மணி வரையாவது லேப் திறந்திருக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
கம்பம், தேனி மாவட்டம்